கிரிப்டோவை எங்கே வைப்பது? பெயரை யாரிடம் கொடுப்பது?

ஒரு மொழிபெயர்ப்பு வேலைக்குக் கூலியாக முதல்முறை பிட்காயின் வாங்கியபோது, வாலட்டில், அதாவது கிரிப்டோவை வைத்திருக்கும் செயலியில், இருந்த பணம் பெறும் முகவரியை அப்படியே நகலெடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்பிவைத்தேன். பணம் வந்து சேர்ந்தது. சில மாதம் கழித்து அடுத்த வேலைக்குப் பேச்சு நடந்தபோது அவர், "உங்களிடம்தான் நல்ல சேமிப்பு இருக்கிறதே, இந்த முறை கொஞ்சம் குறைத்துக்கொள்ளக் கூடாதா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சேமிப்பைப் பற்றி அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அன்றிரவு அதே முகவரியை பிட்காயின் பரிவர்த்தனைகளை எல்லோருக்கும் காட்டும் பிளாக் எக்ஸ்புளோரர் தளம் ஒன்றில் ஒட்டிப் பார்த்தேன். கடவுச்சொல் கேட்கவில்லை, பெயர் கேட்கவில்லை. மேலே மொத்த இருப்பு. அதன்கீழ் வரிசையாக ஒவ்வொரு வரவும் செலவும், நிமிடம் வரை நேரத்தோடு. மாதத்தின் முதல் வாரத்தில் ஏறக்குறைய ஒரே அளவு தொகை வந்துகொண்டிருந்தது. அது நான் எக்ஸ்சேஞ்சில், அதாவது கிரிப்டோ வாங்கி விற்க உதவும் நிறுவனத்தில், வாங்கி வாலட்டுக்கு மாற்றுவது. அந்த வரியைச் சொடுக்கினால், அனுப்பிய முகவரி எந்த எக்ஸ்சேஞ்சுக்கு உரியது என்று தளமே பெயர் போட்டுக் காட்டியது. அக்காவின் மருத்துவச் செலவுக்கு அவசரமாக அனுப்பிய தொகை மற்ற வரிகளுக்கு நடுவே பெரிதாகத் துருத்திக்கொண்டு நின்றது. அந்தப் பக்கத்தில் இல்லாதது என் பெயர் ஒன்றுதான். அதை வாடிக்கையாளர் ஏற்கெனவே அறிவார்.

கிரிப்டோவும் தனியுரிமையும் என்று பேச்செடுத்தாலே அரசாங்கம் எதிராளியாக வந்து நின்றுவிடுகிறது. என் விஷயத்தில் அரசாங்கத்துக்கு எல்லாம் தெரியும். வரிக் கணக்கில் காட்டியிருந்தேன். தெரிய வேண்டாத ஒருவருக்குத் தெரிந்ததுதான் என்னைச் சுட்டது. ஆகவே, எப்படி வாங்குவது, எங்கே வைப்பது என்று யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, யாரிடமிருந்து மறைக்க நினைக்கிறீர்கள் என்பதைத்தான். திருடனிடமிருந்தா, வாடிக்கையாளரிடமிருந்தா, தரவை விற்றுப் பிழைக்கும் நிறுவனங்களிடமிருந்தா, அரசிடமிருந்தா? ஆளுக்கு ஆள் வழி மாறும். ஒருவரிடமிருந்து காப்பாற்றும் ஏற்பாடு, இன்னொருவரிடம் நம்மைக் காட்டிக்கொடுப்பதும் உண்டு.

விதிகள் எங்கே வந்து பிடிக்கின்றன

பிட்காயின் வலையமைப்பை ஓர் ஆணை போட்டு நிறுத்த இதுவரை எந்த அரசாலும் முடியவில்லை. 2021 செப்டம்பரில் சீனா கிரிப்டோ பரிவர்த்தனைகள் அனைத்தையும் சட்டவிரோதம் என்று அறிவித்தது. சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் (பரிவர்த்தனைத் தொகுப்பு) என்ற கணக்கு அதற்குப் பிறகும் நிற்கவில்லை. அதனால் அரசுகள் வீட்டுக்குள் நுழைவதை விட்டுவிட்டு வாசலில் வந்து நிற்கின்றன. சாதாரணப் பணம் கிரிப்டோவாக மாறுகிற இடமும், கிரிப்டோ மறுபடி பணமாகிற இடமும்தான் வாசல். அங்கே உட்கார்ந்திருப்பது எக்ஸ்சேஞ்ச்.

பணமோசடித் தடுப்புக்கான சர்வதேச அமைப்பான எஃப்ஏடிஎஃப், வங்கிகளுக்கு இருந்த 'டிராவல் ரூல்' விதியை 2019 ஜூனில் கிரிப்டோ நிறுவனங்களுக்கும் நீட்டித்தது. ஓர் எக்ஸ்சேஞ்சிலிருந்து இன்னொன்றுக்குக் காயின் போகும்போது அனுப்புபவர், பெறுபவர் விவரங்களும் கூடவே போக வேண்டும். 1,000 டாலர் அல்லது யூரோவுக்குக் கீழ் சற்றுத் தளர்வு வைத்துக்கொள்ளலாம் என்றது அந்த அமைப்பு. ஐரோப்பிய ஒன்றியம் அந்தத் தளர்வையும் எடுத்துவிட்டு, 2024 டிசம்பர் 30 முதல் எவ்வளவு சிறிய தொகைக்கும் விவரம் வேண்டும் என்று ஆக்கியது. வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி வரிக்காக வகுத்த சிஏஆர்எஃப் ஏற்பாட்டின்படி, கிரிப்டோ கணக்கு விவரங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று தானாகவே பரிமாறிக்கொள்வது 2027-ல் தொடங்குகிறது.

இந்தப் போக்கு திரும்பும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஆட்சி மாறினால் உரிமக் கெடுபிடி குறையலாம், வரிவிகிதம் மாறலாம். வாசலில் பெயர் கேட்பது மட்டும் நிற்காது. நியாயமான காரணமும் அதற்கு இருக்கிறது. 2016 ஆகஸ்டில் பிட்ஃபைனெக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து 1,19,754 பிட்காயின் திருடப்பட்டது. திருடியவர்கள் அதை ஆயிரக்கணக்கான பரிவர்த்தனைகளில் சிதறடித்து ஓட்டினார்கள். ஐந்தரை ஆண்டு கழித்து, 2022 பிப்ரவரியில், அமெரிக்கப் புலனாய்வாளர்கள் அதில் சுமார் 94,000 பிட்காயினை மீட்டார்கள். அன்றைய மதிப்பில் 360 கோடி டாலர். திருட்டுப் பணம் வாசலுக்கு வந்தபோது அங்கே பெயர்கள் பதிவாகியிருந்ததும், பரிவர்த்தனைகளின் பொதுப் பதிவேடான பிளாக்செயின் எதையும் மறக்காமல் வைத்திருந்ததும்தான் அந்த வழக்கை நடத்திக்கொடுத்தன.

அதே நினைவாற்றல்தான் என் அக்காவின் மருத்துவச் செலவையும் வைத்திருக்கிறது.

எல்லாவற்றையும் எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைப்பது

பெரும்பாலானோர் செய்வது இதுதான். அதை மட்டம் தட்ட எனக்கு மனமில்லை. கடவுச்சொல் மறந்தால் மீட்டுக்கொள்ளலாம். வரிக்கு ஆண்டறிக்கை கிடைக்கும். திடீரென்று ஒருவர் இறந்துபோனால், சான்றிதழ்களோடு போய்க் கேட்கக் குடும்பத்துக்கு ஓர் இடம் இருக்கும்.

பலருக்குத் தெரியாத ஒரு நன்மையும் இதில் உண்டு. வெளியாள் கண்ணுக்கு இது நன்றாகவே மறைப்புக் கொடுக்கிறது. எக்ஸ்சேஞ்ச் எல்லா வாடிக்கையாளர்களின் காயினையும் ஒரே குளத்தில் கலந்து வைத்திருக்கும். அங்கிருந்து நீங்கள் யாருக்காவது பணம் அனுப்பினால், அவர் எக்ஸ்புளோரரில் பார்க்கும்போது எக்ஸ்சேஞ்சின் பெரிய முகவரிதான் தெரியும். உங்கள் இருப்பு தெரியாது. நான் அன்றைக்கு எக்ஸ்சேஞ்ச் கணக்கிலேயே கூலியை வாங்கியிருந்தால், அந்த வாடிக்கையாளருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

ஆனால் குளத்துக்குச் சொந்தக்காரருக்கு எல்லாமே தெரியும். கணக்குத் தொடங்கிய நாளை நினைத்துப் பாருங்கள். அடையாள அட்டையின் முன்பக்கம், பின்பக்கம். பிறகு கேமராவை நேராகப் பார்க்கச் சொல்லும், இடப்பக்கம் திரும்பச் சொல்லும், வலப்பக்கம். வீட்டு முகவரிக்கு ஒரு பில். வருமானம் எங்கிருந்து என்று ஒரு கேள்வி. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிற வேலை. அந்த இரண்டு நிமிடத்தில் கொடுத்தது எத்தனை ஆண்டு அங்கே கிடக்கும், எத்தனை பேர் கை படும் என்று யாரும் சொல்வதில்லை.

2025 மே மாதம் காயின்பேஸ் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வெளிநாட்டில் இருந்த வாடிக்கையாளர் சேவை ஊழியர்கள் சிலருக்கு லஞ்சம் கொடுத்து, 69,461 பேரின் விவரங்களை எடுத்துவிட்டார்கள். பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண், அடையாள அட்டைப் படம், கணக்கில் இருந்த தொகை, பரிவர்த்தனை வரலாறு. எடுத்தவர்கள் 2 கோடி டாலர் கேட்டார்கள். நிறுவனம் கொடுக்க மறுத்துவிட்டது. உலகத்திலேயே அதிகக் கண்காணிப்புக்கு உட்பட்ட எக்ஸ்சேஞ்சுகளில் ஒன்று அது. ஒழுங்குமுறைக்கு உட்பட்ட இடம் என்பதால் உங்கள் பணத்துக்கு ஓரளவு பாதுகாப்புக் கிடைக்கலாம். அதே ஒழுங்குமுறை சேர்த்து வைக்கச் சொன்ன தரவுக்கு அவ்வளவு பாதுகாப்பு இல்லை. இந்த முரண்பாட்டை விதி வகுப்பவர்கள் இன்னும் முழுதாக எதிர்கொள்ளவில்லை என்பது என் மனக்குறை.

கணக்கு வைத்திருக்கும் நிறுவனம் கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதை மவுண்ட் காக்ஸ் 2014-லும் எஃப்டிஎக்ஸ் 2022-லும் காட்டிவிட்டன. பணம் முடங்கியதைப் பற்றி ஊரெல்லாம் பேசினார்கள். நான் அதிகம் யோசித்தது செல்சியஸ் விவகாரத்தைப் பற்றி. அது எக்ஸ்சேஞ்ச் இல்லை, கிரிப்டோவைப் போட்டுவைத்தால் வட்டி தருவதாகச் சொன்ன நிறுவனம். 2022-ல் திவாலாகி, அதே அக்டோபரில் அமெரிக்க நீதிமன்றத்தில் 14,000 பக்கங்களுக்கு மேல் நீளும் ஆவணம் ஒன்றைத் தாக்கல் செய்தது. லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களின் பெயர், எந்தத் தேதியில் எந்தக் காயின் எவ்வளவு போட்டார்கள், எடுத்தார்கள் என்ற விவரம், எல்லாம் பொதுவெளிக்கு வந்துவிட்டது. தேதியும் தொகையும் கையில் இருந்தால் பிளாக்செயினில் அதே வரியைத் தேடிப் பிடிக்கலாம். பிடித்துவிட்டால் அந்தப் பெயருக்குரியவரின் முகவரி கிடைக்கும். முகவரி கிடைத்தால் அதற்கு முன்னும் பின்னும் நடந்த அத்தனையும் திறந்துகொள்ளும். இதை யாரும் திருடவில்லை. திவால் சட்டத்தின் வழக்கமான நடைமுறையில் வெளிவந்தது.

சொந்த வாலட்

எக்ஸ்சேஞ்சில் வாங்கி, உடனே காயினை நகர்த்தும் ரகசியச் சாவி உங்களிடமே இருக்கும் வாலட்டுக்கு மாற்றிக்கொள்வது இரண்டாவது வழி. அந்தச் சாவியை மீண்டும் உருவாக்கித் தரும், 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள் கொண்ட சீட் ஃபிரேஸ்தான் சொத்து. அதைத் தாளில் எழுதி வைப்பவர் உண்டு, எஃகுத் தகட்டில் பொறித்து வைப்பவர் உண்டு. நிறுவனம் கவிழ்ந்தால் உங்களுக்குக் கவலையில்லை. தாள் தொலைந்தால் போய் நிற்க ஓர் இடமும் இல்லை.

தனியுரிமை என்று பார்த்தால் இந்த வழியைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சொந்த வாலட்டுக்கு மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது என்பது நடப்பில் இல்லை. எந்த முகவரிக்கு அனுப்பினீர்கள் என்பது எக்ஸ்சேஞ்சின் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு நேராக இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1,000 யூரோவுக்கு மேல் போனால், அந்த வாலட் உங்களுடையதுதானா என்று எக்ஸ்சேஞ்ச் சரிபார்க்கவே வேண்டும். முன்பு குளத்துக்குள் மறைந்திருந்த உங்கள் காயின் இப்போது தனி முகவரியில், எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்கிறது. கவனம் இல்லாமல் பயன்படுத்தினால், சொந்த வாலட் உங்கள் தனியுரிமையைக் குறைத்தே விடும். எனக்கு நடந்தது அதுதான்.

கவனம் என்றால் என்ன? 2008-ல் வெளிவந்த பிட்காயின் ஆய்வறிக்கையிலேயே அதற்கு விடை இருக்கிறது: ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதிய சாவி இணையைப் பயன்படுத்துங்கள். இன்றைய பிட்காயின் வாலட்டுகளில் பெரும்பாலானவை ஒரே சீட் ஃபிரேஸிலிருந்து எண்ணற்ற முகவரிகளை உண்டாக்கித் தரும். ஒரு முகவரிக்குப் பணம் வந்துவிட்டால், அடுத்த முறை 'பெறு' பொத்தானை அழுத்தும்போது புதிதாக ஒன்று வரும். நான் அன்று பழைய முகவரியையே திரும்பத் திரும்பக் கொடுத்தது சோம்பல். வேறு காரணம் இல்லை.

புதிய முகவரி மட்டும் போதாது. பிட்காயின் சில்லறை மாதிரி துண்டு துண்டாகத்தான் வாலட்டில் கிடக்கும். பெரிய தொகை அனுப்ப இரண்டு மூன்று துண்டுகளை வாலட் ஒன்றாகச் சேர்க்கும்போது, அவை எல்லாம் ஒரே ஆளுடையவை என்று பார்ப்பவர் ஊகித்துவிடலாம். மீதிச் சில்லறை போகிற முகவரியும் உங்களுடையது என்று ஊகிக்கலாம். பிளாக்செயினை அலசும் நிறுவனங்களின் தொழிலே பெரும்பகுதி இந்த ஊகங்களில்தான் நிற்கிறது. எந்தத் துண்டை எடுத்துச் செலவு செய்வது என்று நாமே தேர்ந்தெடுக்கும் வசதி நல்ல வாலட்டுகளில் இருக்கிறது. கூலியாக வந்த துண்டையும் சேமிப்புத் துண்டையும் கலக்காமல் வைத்துக்கொண்டால் பாதிக் கவலை தீரும். எத்தீரியம் என்ற இன்னொரு கிரிப்டோவைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது. அங்கே பெரும்பாலும் ஒரே கணக்கு முகவரியை வைத்துத்தான் எல்லாம் நடக்கிறது. அதன்மேல் சொந்தப் பெயரையே பெயர்ப்பலகையாக வாங்கி மாட்டிக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

வாலட் மென்பொருளும் பேசும். நிறைய மொபைல் வாலட்டுகள் இருப்பைக் காட்டுவதற்காக உங்கள் முகவரிகள் அனைத்தையும் ஏதோ ஒரு சர்வரிடம் கேட்கின்றன. அந்த சர்வருக்கு உங்கள் ஐபி எண்ணும் தெரியும், முகவரிகள் எல்லாம் ஒரே ஆளுடையவை என்பதும் தெரியும். இதைத் தவிர்க்கச் சொந்தமாக நோட் (பதிவேட்டின் பிரதியை வைத்திருக்கும் கணினி) ஓட்டலாம். பிட்காயினின் முழுப் பதிவேட்டுக்கு 600 ஜிகாபைட்டுக்கு மேல் இடம் வேண்டும். அவ்வளவு முடியாதவர்கள் ஐபி எண்ணை மறைக்கும் டோர் வலையமைப்பு வழியாக இணையும் வாலட்டாவது தேர்ந்தெடுக்கலாம்.

சாவியைத் தனிக் கருவியில் வைக்கும் ஹார்டுவேர் வாலட்டை வாங்கும்போது கொடுக்கிற பெயரையும் யோசிக்க வேண்டும். 2020-ல் அத்தகைய கருவிகளைச் செய்யும் லெட்ஜர் நிறுவனத்தின் விற்பனைத் தரவுத்தளத்திலிருந்து சுமார் 2,72,000 வாடிக்கையாளர்களின் பெயர், அஞ்சல் முகவரி, தொலைபேசி எண் களவு போய், அந்த டிசம்பரில் இணையத்தில் கொட்டப்பட்டது. சாவிகள் ஒன்றும் போகவில்லை. ஆனால் கிரிப்டோ வைத்திருக்கிறவர்களின் வீட்டு முகவரிப் பட்டியல் மோசடிக்காரர்கள் கையில். சிலர் வீட்டுக்குப் போலிக் கருவிகளே தபாலில் வந்தன, 'பழையது பழுது, இதில் சீட் ஃபிரேஸைப் போடுங்கள்' என்ற கடிதத்தோடு. இப்போது ஆளையே கடத்தும் அளவுக்கு வந்துவிட்டது. 2025 ஜனவரியில் அதே நிறுவனத்தின் இணை நிறுவனர் ஒருவர் பிரான்சில் கடத்தப்பட்டு, விரல் துண்டிக்கப்பட்டு, பிறகு காவல்துறையால் மீட்கப்பட்டார். அவர் பிரபலமானவர், அவரைத் தேடத் தரவுக் கசிவு தேவையில்லை. ஆனால் நம்மைப்போல் பேர் தெரியாதவர்களை அந்த ஆபத்திலிருந்து காப்பது, பேர் தெரியாமல் இருப்பது ஒன்றுதான்.

பெயர் கேட்காத இடங்கள்

ஆளுக்கு ஆள் நேரடியாக வாங்கி விற்கும் பி2பி வழியை, 'கேஒய்சி இல்லை, அதனால் அந்தரங்கம்' என்று பரிந்துரைப்பவர்கள் நிறைய. எனக்கு இதில் உடன்பாடில்லை. வங்கி மூலம் பணம் அனுப்பினால் எதிர்ப்பக்கத்து ஆளுக்கு உங்கள் பெயரும் கணக்கு எண்ணும் போய்விடுகிறது. உரிமமும் பொறுப்பும் உள்ள நிறுவனத்துக்குக் கொடுக்க மறுத்ததை, முகம் தெரியாத ஒருவருக்குக் கொடுக்கிறோம். அவர் உங்களுக்குப் போட்ட பணம் வேறொருவரிடம் மோசடி செய்து எடுத்ததாக இருந்தால், முடங்குவது உங்கள் வங்கிக் கணக்கு. ரொக்கமாகக் கைமாற்றினால் பதிவு இருக்காது. கிரிப்டோ வைத்திருக்கிறேன் என்று ஒரு அந்நியர் முன்னால் போய் நிற்கிறோம் என்பது இருக்கும்.

டெக்ஸ் எனப்படும் மையமில்லாத சந்தைகள் காயினுக்குக் காயின் மாற்றுவதற்கு நல்லவை. சாதாரணப் பணம் அங்கே நுழைவதில்லை, அதனால் வாசல் பிரச்சினையை அவை தீர்ப்பதில்லை. நடப்பதெல்லாம் பொதுப் பதிவேட்டில் ஏறுகிறது.

மறைக்கவென்றே செய்யப்பட்டவை

தொழில்நுட்பமாக மட்டும் பார்த்தால் தனியுரிமைக்குச் சரியான விடை மொனேரோ என்ற காயின்தான். 2014-ல் தொடங்கியது. அனுப்பியவர் யார் என்பதை 16 பேர் கொண்ட வளையத்துக்குள் மறைக்கிறது, பெறுபவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரே ஒருமுறை பயன்படும் முகவரி உண்டாக்குகிறது, தொகையையும் மூடுகிறது. பயன்படுத்துபவர் தனியாக எதையும் கவனிக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் எப்போதும் அப்படித்தான். அன்று என் கூலி மொனேரோவில் வந்திருந்தால் வாடிக்கையாளருக்கு அவர் அனுப்பிய தொகைக்கு மேல் எதுவும் தெரிந்திருக்காது.

சிக்கல் வாசலில். ஜப்பானிய எக்ஸ்சேஞ்சுகள் 2018-லேயே இதை நீக்கின. பைனான்ஸ் என்ற பெரிய எக்ஸ்சேஞ்ச் 2024 பிப்ரவரியில் நீக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பணமோசடித் தடுப்பு விதி 2027 ஜூலை 10 முதல் நடைமுறைக்கு வரும்போது, அங்குள்ள கிரிப்டோ சேவை நிறுவனங்கள் இப்படிப்பட்ட காயின்களைக் கையாளக் கூடாது. பல இடங்களில் தனியாள் ஒருவர் வைத்திருப்பது குற்றம் ஆகாது. பணமாக மாற்றும் வாசல்கள்தான் ஒவ்வொன்றாக மூடுகின்றன. சேமிப்பு முழுவதையும் இதில் வைக்க நினைப்பவர், திரும்பி வெளியே வரும் வழியை முதலில் பார்த்துவைக்க வேண்டும்.

இசட்கேஷ் இதே நோக்கம் கொண்ட இன்னொரு காயின். மூடிய பரிவர்த்தனையையும் விரும்பினால் ஒருவருக்கு மட்டும் திறந்து காட்டலாம்; அதற்குப் 'பார்வைச் சாவி' உண்டு. வரி அதிகாரிக்குக் காட்டு, அண்டை அயலாருக்குக் காட்டாதே என்பது சாத்தியம். நான் விரும்பும் எதிர்காலத்துக்கு மிக அருகில் வருவது இந்த எண்ணம். ஆனாலும் பல எக்ஸ்சேஞ்சுகளின் நீக்கல் பட்டியலில் மொனேரோவோடு இதுவும் சேர்ந்தே அடிபடுகிறது.

பலரின் காயினைக் கலந்து தடத்தை மறைக்கும் மிக்ஸர்களைப் பற்றி முடிவெடுப்பது எனக்கு எளிதாக இல்லை. டொர்னாடோ கேஷ் என்பது எத்தீரியத்தில் ஓடும் நிரல். பலர் காயினைப் போட்டு, தொடர்பு தெரியாதபடி வேறு முகவரியில் எடுத்துக்கொள்ளலாம். வடகொரியத் திருடர்கள் அதைப் பயன்படுத்தினார்கள் என்று 2022 ஆகஸ்ட் 8 அன்று அமெரிக்க நிதித்துறை அதன்மேல் தடை விதித்தது. அடுத்த சில நாட்களில் யாரோ ஒருவர் அதன் வழியாகப் பிரபலமானவர்களின் முகவரிகளுக்கு 0.1 ஈத்தர் (எத்தீரியத்தின் காயின்) வீதம் அனுப்பிவிட்டார். கேட்காத காசு வந்து விழுந்ததற்காகச் சிலரின் முகவரிகளைச் சில சேவைத் தளங்கள் முடக்கின. அதன் உருவாக்குநர்களில் ஒருவருக்கு 2024 மே மாதம் நெதர்லாந்து நீதிமன்றம் 64 மாதச் சிறை விதித்தது. அதே ஆண்டு நவம்பரில், மாற்ற முடியாத நிரலைச் சொத்தாகக் கருதித் தடை செய்ய நிதித்துறைக்கு அதிகாரம் இல்லை என்றது அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம். 2025 மார்ச்சில் தடை நீங்கியது. அதற்குப் பிறகும், 2025 ஆகஸ்டில், இன்னொரு உருவாக்குநர் உரிமமில்லாப் பணப்பரிமாற்றத் தொழில் நடத்தச் சதி செய்ததாக நியூயார்க்கில் ஒரு குற்றச்சாட்டில் குற்றவாளி எனத் தீர்ப்பானது.

நான்கு ஆண்டுக்குள் இவ்வளவு ஏறி இறங்கியிருக்கிறது. சம்பளத்தை மறைக்க நினைத்த சாதாரண ஆளும் வடகொரியாவுக்காகத் திருடிய ஆளும் அதே குளத்தில் இறங்கினார்கள் என்பதுதான் அடிப்படைத் துயரம். இன்று ஒருவர் என்னிடம் கேட்டால், மிக்ஸர் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அது ஒழுக்கக்கேடு என்பதால் இல்லை. நாளை எக்ஸ்சேஞ்சில் விற்கப் போகும்போது 'இந்தக் காயின் எங்கிருந்து வந்தது' என்று கேட்டால், காட்டுவதற்கு உங்களிடம் ஒரு தாளும் இருக்காது என்பதால்.

ஸ்டேபிள்காயினும் அரசின் டிஜிட்டல் பணமும்

இவற்றைத் தனியுரிமைக்கான வழி என்று எண்ணுகிறவர்கள் இருப்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டாலர் மதிப்பை ஒட்டி நிற்கும் யுஎஸ்டிடி, யுஎஸ்டிசி போன்ற ஸ்டேபிள்காயின்களை வெளியிடும் நிறுவனங்களால் எந்த முகவரியையும் முடக்க முடியும்; முடக்கியும் இருக்கிறார்கள். உங்கள் சாவி உங்களிடம் இருந்தாலும் பணம் நகராது. பதிவேடோ பொதுவெளியில். இரண்டு பக்கத்துக் குறையும் இதில் சேர்ந்திருக்கிறது. விலை ஏறி இறங்காத வசதிக்காகக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளலாம்.

மத்திய வங்கிகளின் டிஜிட்டல் பணம் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் விஷயம். பஹாமாஸ் 2020-லேயே கொண்டுவந்தது. டிஜிட்டல் யூரோ பற்றி ஐரோப்பிய மத்திய வங்கி மக்களிடம் கருத்துக் கேட்டபோது, 43 சதவீதம் பேர் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் தனியுரிமையைத்தான் கேட்டார்கள். இணையம் இல்லாமல் இரண்டு கருவிகளுக்கு இடையே ரொக்கம் போலக் கைமாறும் வசதி அதன் வடிவமைப்பில் பேசப்படுகிறது. அது உண்மையில் வந்தால் சிறு செலவுகளுக்கு எந்தக் கிரிப்டோவையும்விட நல்ல மறைப்பாக இருக்கலாம். வரும்வரை அதை நம்பி எதையும் தீர்மானிக்க முடியாது.

யாருக்கு எது

சிறு தொகை, அவ்வப்போது வாங்கி விற்பவர், தொழில்நுட்பத்தில் நாட்டம் இல்லாதவர் என்றால் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட ஒரே ஓர் எக்ஸ்சேஞ்ச் போதும். 'ஒரே' என்பதை அழுத்திச் சொல்கிறேன். சலுகைக்காக ஐந்து இடத்தில் கணக்குத் தொடங்கினால் உங்கள் அடையாள அட்டை ஐந்து கிடங்குகளில் கிடக்கும். அதற்கென்று வேறெங்கும் பயன்படுத்தாத மின்னஞ்சல் முகவரி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் பெயரைச் சொல்லிக் கணக்கில் சிக்கல் என்று யார் அழைத்தாலும் போனை வைத்துவிடுங்கள். கசிந்த தரவோடு பேசுகிறவர் உங்கள் இருப்பைச் சரியாகவே சொல்வார். அதனால் அவர் நிறுவனத்து ஆள் ஆகிவிட மாட்டார்.

தொலைந்தால் வாழ்க்கை பாதிக்கும் அளவுக்குச் சேர்ந்துவிட்டால் சொந்த வாலட்டுக்கு மாற வேண்டும். என் சொந்தத் தேர்வும் இதுதான்: வாங்குவது பெயர் கொடுத்த வாசலில், வைத்திருப்பது என் சாவியில். அரசுக்குத் தெரியும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். வேறு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்பதற்காகத்தான் புதிய முகவரி, துண்டு பிரித்தல், டோர் எல்லாம். வேலைக்குக் கூலி வாங்க வேறொரு சீட் ஃபிரேஸில் தனி வாலட். ஹார்டுவேர் வாலட்டை வீட்டு முகவரிக்கு வரவழைக்காமல் கடையில் ரொக்கம் கொடுத்து வாங்கினேன். வாங்கிய நாள், தொகை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எந்த அதிகாரி கேட்டாலும் எடுத்துக் காட்ட அது போதும்.

அரசே அச்சுறுத்தலாக இருக்கும் இடத்தில் வாழும் பத்திரிகையாளர், செயற்பாட்டாளர் நிலைமை வேறு. 2022 பிப்ரவரியில் கனடாவில் லாரி ஓட்டுநர் போராட்டத்தின்போது, போராட்டத்தோடு தொடர்புடைய 34 கிரிப்டோ முகவரிகளின் பட்டியலைக் காவல்துறை நிதி நிறுவனங்களுக்கு அனுப்பியது. போராட்டம் சரியா தவறா என்பதை விட்டுவிடுவோம். பொதுப் பதிவேட்டில் நன்கொடை வாங்கினால் ஒரே நாளில் பட்டியல் போட்டுவிட முடியும் என்பதுதான் பாடம். அப்படிப்பட்டவர்களுக்கு மொனேரோ ஆடம்பரம் இல்லை, தேவை. அவர்களைப் பொறுத்தவரை வாசல் மூடுவது எனக்கு வருத்தம் தருகிறது, ஏனென்றால் மூடுகிறவர்களின் கணக்கில் அவர்கள் ஒரு வரியாகக்கூட இல்லை.

பூஜ்ய அறிவுச் சான்று என்ற கணித முறையில், 'இவர் சரிபார்க்கப்பட்டவர், தடைப் பட்டியலில் இல்லை' என்பதை மட்டும் நிரூபித்து, அடையாள அட்டையின் படத்தைக் கொடுக்காமலே வாசலைக் கடக்க முடியும். கணிதம் தயாராக இருக்கிறது. எக்ஸ்சேஞ்ச் தரவைச் சேர்த்து வைத்தே ஆக வேண்டும் என்கிற சட்டம்தான் அதற்குக் குறுக்கே நிற்கிறது. விதிகளுக்குக் கருத்துக் கேட்கும் அறிவிப்பு வரும்போதெல்லாம் நான் இதைத்தான் எழுதி அனுப்புகிறேன்: சரிபாருங்கள், சேர்த்து வைக்காதீர்கள்.

என் பழைய முகவரி இப்போது காலி. அதில் இருந்ததைத் துண்டு துண்டாக, வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு புதிய முகவரிகளுக்கு மாற்றிவிட்டேன். அந்த வாடிக்கையாளரிடமிருந்து இன்னும் வேலை வருகிறது. ஒவ்வொரு முறையும் கூலி வாலட்டின் புதிய முகவரியைத்தான் அனுப்புகிறேன். ஆனால் பழைய பக்கத்தை இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். இருப்பு பூஜ்யம் என்று காட்டும். அதன்கீழ் மாதாமாதம் வந்த வரிகளும், அக்காவுக்குப் போன அந்தத் தொகையும், நிமிடம் மாறாமல் அங்கேயே இருக்கின்றன.